மீசை எடுத்த சனிக்கிழமை

'வீல்' என்று மாடியிலிருந்து ஓர் அலறல். அது அடங்குவதற்குள் படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். வாசல் டீச்சர் கையிலிருந்த டீயில் பாதி மேஜைக்குப் போனது. மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் அறையை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு நீலப் பை அவரைத் தாண்டிப் பறந்தது. பையை மாட்டியிருந்தவள் பதினொரு வயதுப் பெண். முற்றத்தைக் குறுக்கே கடந்தாள். கேட்டுக்கு உள்ளே நின்ற பள்ளி வேனில் தாவி ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கதவை 'டமால்' என்று சாத்தி, உள்ளே பூட்டும் போட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் அவள் அம்மா, ஒரு காலில் மட்டும் செருப்போடு. அம்மாவுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, யாரோ ஒரு வாலிபர். மழமழவென்று முகம், மடிப்புக் கலையாத புதுச் சட்டை.

வாசல் டீச்சர் இரண்டு கைகளையும் விரித்து அவரை மறித்தார். "யாருங்க நீங்க? யாரைக் கேட்டு மாடிக்குப் போனீங்க?"

"டீச்சர், நான்தான்."

"நான்தான்னா? நானும்தான் நான்தான்."

"புது சார், டீச்சர்."

வாசல் டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். நெற்றி சரி. கண் சரி. காதும் அதே காதுதான். மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு பெரிய காலி மனை.

"உங்க மீசை எங்கே?"

"எடுத்துட்டேன் டீச்சர். காலையிலதான், எதிர் சலூன்ல."

வாசல் டீச்சர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மீசை போனதற்கா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். அந்தப் பள்ளியை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். மற்றப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிற பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி அது. பேச்சு வராத பிள்ளைகள், பேச்சை நிறுத்தத் தெரியாத பிள்ளைகள், சத்தம் ஆகாதவர்கள், சக்கர நாற்காலியில் பந்தயம் விடுகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. அவர்களுக்குப் பாடம் நடத்த மாடியில் ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு இருந்தது வாசல் டீச்சர் ஒருவர்தான். கேட்டை ஒட்டிய சின்ன அறைதான் அவர் வகுப்பு. எந்தப் பிள்ளைக்கு எந்த வேன், எந்த நேரத்துக்கு எந்த மருந்து, எந்தச் சித்தப்பா வந்தால் பிள்ளையை அனுப்பலாம், எந்தச் சித்தப்பா வந்தால் அனுப்பக்கூடாது, எல்லாம் அவர் தலையில்.

பள்ளி திறக்கும் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை அங்கே ஒத்திகை நடக்கும். வகுப்பு மாறுகிற பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து, திங்கட்கிழமை செய்யப்போவதை ஒரு தடவை செய்து பார்ப்பார்கள். வேனை விட்டு இறங்குவது, படி ஏறுவது, தன் கொக்கியில் பையை மாட்டுவது, தன் நாற்காலியில் உட்காருவது, புது ஆசிரியருக்கு வணக்கம் சொல்வது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவது. அவ்வளவுதான். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வீட்டில் சோபா இடம் மாறியதற்காகச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்த பிள்ளையை வளர்த்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒத்திகைக்கும் ஓர் ஒத்திகை உண்டு. விடுமுறைக்கு முன்பே வாசல் டீச்சர் கேட், படி, கொக்கி, நாற்காலி, புது ஆசிரியர் என்று ஒவ்வொன்றையும் படம் எடுப்பார். அதை அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு வளையத்தில் கோத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் விடுமுறை முழுக்க அதைப் புரட்டிப் புரட்டிப் பழகிக்கொள்வார்கள்.

வேனுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குப் பள்ளியில் 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். வைத்தவர் வேன் டிரைவர். பொருத்தமான பெயர். சுவர்க் கடிகாரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அவள் உட்கார மாட்டாள். பேச்சு குறைவு, தீர்ப்பு அதிகம். அவள் அந்த அட்டைகளைத் தினமும் காலையில் பால் குடிக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பாளாம். அன்றைக்கும் வந்ததும் கேட்டை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சரி. படி? சரி. கொக்கி, நாற்காலி, இரண்டும் சரி. கடைசி அட்டையைத் திருப்பினாள். அட்டையில் கறுகறுவென்று பட்டை மீசையோடு ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே நின்றவர் வேறு யாரோ.

"ஏன் சார், ஏன்?" என்றார் வாசல் டீச்சர், படியில் உட்கார்ந்தபடியே. "மீசை உங்களை என்ன பண்ணுச்சு?"

புது சார் கையைப் பிசைந்தார். "நீங்கதானே டீச்சர் போன்ல சொன்னீங்க..."

"நான் சொன்னேனா?"

"'பிள்ளைங்க பார்க்கிற முதல் நாள், கொஞ்சம் நீட்டா வாங்க'ன்னு சொன்னீங்க. எங்கம்மாவும் இந்த மீசையைப் பார்த்தா பிள்ளைங்க பயந்துடும்னாங்க. அதான் பயப்படக் கூடாதேன்னு..."

வாசல் டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சொன்னது ஞாபகம் இருந்தது. எல்லாப் புது ஆசிரியர்களுக்கும் சொல்கிற வாடிக்கையான வாக்கியம். எத்தனை வருடமாக இந்த அட்டைகளைச் செய்கிறோம், அட்டையில் இருக்கிற ஆளிடம் 'அப்படியே இருங்கள்' என்று சொல்லத் தோன்றவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அவர் பார்வை வேனுக்குப் போனது. அம்மா ஜன்னல் கண்ணாடியில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். "பாப்பா, அதே சார்தான்டா. அட்டையில இருக்காரே, அவரேதான்."

உள்ளிருந்து ஒரே வார்த்தை வந்தது. "இல்லை."

அந்த அம்மாவுக்கு இந்தத் திங்கட்கிழமை எப்படிப்பட்ட திங்கட்கிழமை என்று வாசல் டீச்சருக்குத் தெரியும்.

பாப்பா பள்ளியில் சேர்ந்தபோது அம்மாவுக்கும் வகுப்புக்குள் ஒரு நாற்காலி போட வேண்டியிருந்தது. அம்மா எழுந்தால் பாப்பாவும் எழுந்துவிடுவாள். அதனால் நாற்காலியை நகர்த்தினார்கள். வாரத்துக்கு ஒரு தரைக்கல் தூரம். மகள் பக்கத்திலிருந்து சுவர் ஓரம், சுவரிலிருந்து கதவு, கதவிலிருந்து வராந்தா. நடுவில் ஒரு ஜலதோஷம் வந்து நாற்காலி மறுபடியும் உள்ளே போனதும் உண்டு. போன வருடக் கடைசியில்தான் அது படி இறங்கி, வாசல் டீச்சரின் அறைக்கு வந்து சேர்ந்திருந்தது. "பாராளுமன்றத்துல நாற்காலி பிடிக்கிறதைவிடக் கஷ்டம், இதை விடறது" என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். கண்ணாடி வில்லையை ஃபிரேமுக்கு ஏற்றபடி ஓரம் தேய்த்து ராவிப் பொருத்துகிற வேலை. கை அவ்வளவு சுத்தம் என்று கடைக்கார அம்மா இன்றைக்கும் சொல்வாராம். அந்தக் கடையில் இப்போது ஓர் இடம் காலி. "திங்கட்கிழமை காலையில வந்து உட்காரு. இதுக்கு மேல என்னால வெச்சிருக்க முடியாது, தப்பா நினைக்காதே" என்று சொல்லியிருந்தார். பாப்பாவின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு. ஆக, பாப்பா அந்த வகுப்புக்குள் போய் உட்கார்ந்தால் அம்மா கடைக்குப் போவாள். போகாவிட்டால் நாற்காலி மறுபடியும் மாடிக்கு ஏறும், அம்மா அதில் உட்காருவாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் புது சார் திடீரென்று. குடுகுடுவென்று மாடிக்கு ஓடிப்போய், வரும்போது மூக்குக்குக் கீழே மீசையோடு வந்து வேன் ஜன்னலை ஒட்டி நின்றார். வெள்ளைப் பலகையில் எழுதும் கறுப்புப் பேனாவால் வரைந்த மீசை. ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது.

வேன் ஜன்னல் அரை அடி இறங்கியது. நாக்கில் தொட்டு ஈரப்படுத்திய ஆள்காட்டி விரலோடு ஒரு கை வெளியே வந்தது. மீசையின் ஏறின பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தது. விரலில் ஒட்டின மையை ஜன்னல் வழியாகப் புது சாருக்கே காட்டிவிட்டு, கண்ணாடி மறுபடியும் ஏறிக்கொண்டது.

"கேஸ் தள்ளுபடி" என்றது ஒரு குரல்.

வேன் டிரைவர்தான். தன் வண்டியிலேயே இடமில்லாமல், பின் சக்கரத்தின் மேல் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் மீசையைத்தான் சொல்ல வேண்டும். மீசை முதலில் திருப்பத்தில் தெரியும், பிறகு வேன் வரும் என்பார்கள். இரண்டு முனையும் மேலே சுருண்டு, எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருக்கும். வேனில் ஏறுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

வாசல் டீச்சர் அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

டிரைவர் மெதுவாகச் சக்கரத்திலிருந்து நிமிர்ந்தார். "என்ன டீச்சரம்மா அப்படிப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாத பார்வை மாதிரி தெரியலையே. வேணாம்."

"நான் இன்னும் எதுவும் கேட்கலையே!"

"கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். வேணாம்."

"அண்ணே, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இவர் மீசை போனதை அவ பார்க்கலை. அவளைப் பொறுத்தவரைக்கும் ஒரு ஆள் காணாமப் போயிட்டாரு, இன்னொரு ஆள் வந்து நிக்கிறாரு. அவ கண்ணு முன்னாடி ஒரு மீசை போகணும். போனதுக்கப்புறமும் ஆள் அதே ஆளா இருக்கணும். அதைப் பார்த்தாத்தான் அவளுக்குப் புரியும்."

"அதுக்கு ஊர்ல என் மீசைதான் கிடைச்சுதா?"

"வேற யாரு இருக்கா? எனக்கா மீசை இருக்கு?"

டிரைவர் வாசல் டீச்சரின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு புத்திசாலித்தனமாக வாயை மூடிக்கொண்டார்.

"எங்க வீட்ல என்னை உள்ள விடமாட்டா" என்றார் கடைசியில். "பொண்ணு பார்க்கப் போனப்ப, மீசைக்காரரா இருந்தா சரின்னு சொன்னவ அவ. மீசை முளைச்சதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் கத்தி பட்டதில்லை. என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது டீச்சரம்மா. உள்ளே என்ன இருக்கோ!"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா வேனிலிருந்து திரும்பி வந்தாள். கழன்ற செருப்பைப் புது சார் கொண்டுவந்து வைத்திருந்தார். அதைக் காலில் மாட்டிக்கொண்டாள். முகத்தில் அழுகை இல்லை. பழகிப்போன ஒரு நிதானம்தான் இருந்தது. வாசல் டீச்சருக்கு அதுதான் தாங்கவில்லை.

"அண்ணனைக் கட்டாயப்படுத்தாதீங்க டீச்சர். பாவம். நான் கடைக்கார அம்மாகிட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடறேன். என்ன இப்போ, இன்னும் ஒரு வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்தா தேய்ஞ்சா போயிடுவேன்?" என்று சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடினாள். தேடுகிற விரல் மட்டும் கடையின் பெயரைத் தாண்டித் தாண்டிப் போனது.

டிரைவர் அந்த விரலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மீசையின் வலது முனையை ஒரு தடவை முறுக்கிவிட்டுக்கொண்டார், இடது முனையை ஒரு தடவை.

"போனை உள்ளே வை, தங்கச்சி" என்றார்.

பிறகு கேட்டுக்கு வெளியே எட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார். "யோவ் சலூன்! கத்தியை எடுத்துக்கிட்டு இங்கே வா!"

சலூன்காரர் துண்டும் கிண்ணமுமாக வந்தவர், யாருக்கு என்று தெரிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, விளையாடாதீங்க. உங்க மீசையைப் படம் எடுத்துக் கடையில மாட்டலாம்னு இருக்கேன். அதை எடுக்கச் சொல்றீங்களே, கை வருமா எனக்கு?"

"காலையில இவருக்கு மட்டும் கை வந்துதா?" என்று புது சாரைக் காட்டினார் டிரைவர்.

"அது சும்மா வளர்ந்த மீசை. இது வளர்த்த மீசை!"

புது சார் இதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல், மை அப்பிய உதட்டோடு சிரித்துவைத்தார்.

வாசல் டீச்சர் ஒரு நாற்காலியை வேனுக்கு நேர் எதிரே போடச் சொன்னார். மெஷின் வேண்டாம், அதன் சத்தம் பாப்பாவுக்கு ஆகாது. கத்திரியும் கத்தியும் போதும் என்றார். யாரும் பாப்பாவைக் கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, பார் பார் என்று சொல்லக் கூடாது. அவளாகப் பார்த்தால் பார்க்கட்டும். அம்மாவிடம், "நீ உன் போன்ல படம் எடும்மா. இப்போ ஒண்ணு, பாதியில ஒண்ணு, முடிஞ்சதும் ஒண்ணு" என்றார்.

டிரைவர் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி கண்ணை மூடினார். கத்திரி 'க்ளிக்' என்றது. வலது பக்கச் சுருள் துண்டின் மேல் விழுந்தது. சலூன்காரர் "ஐயோ" என்றார். டிரைவர் கண்ணைத் திறக்காமலே, "நீ அழுதீன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்றார்.

வேனின் ஜன்னல் அரை அடி இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். இரண்டு கண்கள் கத்தியோடு கூடவே நகர்ந்தன.

வலது பக்கம் முழுக்கப் போனதும் வாசல் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். டிரைவர் திரும்பி வேனைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் ராஜா, ஒரு பக்கம் உரித்த வெள்ளரிக்காய். "இன்ஸ்பெக்டரம்மா, நான் யாரு?" என்றார்.

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. பாப்பா இறங்கி வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக டிரைவர் எதிரில் நின்றாள். ஒரு கையால் மீசை இருக்கிற பக்கத்தை மறைத்தாள், பார்த்தாள். கையை மாற்றி மீசை இல்லாத பக்கத்தை மறைத்தாள், பார்த்தாள். மறுபடியும் அந்தப் பக்கம். மறுபடியும் இந்தப் பக்கம். திடீரென்று கிக்கிக்கி என்று ஒரு சிரிப்பு வந்தது. அவள் அப்படிச் சிரித்து வாசல் டீச்சர் கேட்டதே இல்லை.

பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, சலூன்காரரைப் பார்த்து உத்தரவு போட்டாள். "மிச்சம்."

"கேட்டீங்களா?" என்றார் டிரைவர். "மேலிடத்து உத்தரவு. எடுய்யா."

மிச்சமும் போனது. சலூன்காரர் முகத்தைத் துடைத்துவிட்டு விலகினார். மேலுதடு மட்டும் வெயிலே படாத வெளுப்பில், குழந்தை உதடு மாதிரி இருந்தது. அம்மா வாயைப் பொத்திச் சிரித்தபடியே கடைசிப் படத்தை எடுத்தாள்.

"இப்போ நான் யாரு?"

பாப்பா அந்த வெளுத்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வேன்" என்றாள். டிரைவருக்கு அவள் வைத்திருந்த பெயர் அதுதான். "வேன். வேன்."

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரும் வழி காட்டவில்லை. அவள் பையிலிருந்து அட்டை வளையத்தை எடுத்தாள். கடைசி அட்டையைத் திருப்பினாள். அதிலிருந்த மீசையின் மேல் தன் கட்டைவிரலை வைத்து மறைத்தாள். நிமிர்ந்து புது சாரைப் பார்த்தாள். அவர் அவசர அவசரமாகத் தண்ணீர்க் குழாயில் மையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து, ஈர முகத்தோடு ஆடாமல் அசையாமல் நின்றார். விரலை எடுத்தாள். வைத்தாள். அட்டை, ஆள். அட்டை, ஆள்.

முற்றத்தில் யாரும் மூச்சுவிடவில்லை.

"சார்" என்றாள் பாப்பா. வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவள் போல, படியேறி மாடிக்குப் போனாள். புது சார் பின்னாலேயே போனார். வாசல் டீச்சர் பாதிப் படி ஏறி எட்டிப் பார்த்தபோது பை கொக்கியில் இருந்தது, பாப்பா நாற்காலியில் இருந்தாள், தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

அம்மா கீழேயே நின்றாள். மேலே ஓடவில்லை. அது எத்தனை பெரிய வேலை என்று வாசல் டீச்சருக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் முகம் தெளியவில்லை. "இன்னைக்கு நான் கீழே நிக்கிறேன்னு அவளுக்குத் தெரியும் டீச்சர். திங்கட்கிழமை நான் இங்கே இருக்க மாட்டேனே" என்றாள்.

"அது திங்கட்கிழமை கவலை. இன்னைக்கே எடுத்து ஏன் செலவழிக்கிறே?"

போகும்போது புது சார் தயங்கித் தயங்கி வந்தார். "டீச்சர், நான் திரும்பவும் வளர்த்துடவா?"

"ஐயா சாமி! வளர்க்கவும் வேணாம், குறைக்கவும் வேணாம். வருஷக் கடைசி வரைக்கும் இந்த மூஞ்சிதான். கண்ணாடி போடறதா இருந்தாக்கூட என்னைக் கேட்டுட்டுப் போடுங்க."

எல்லாரும் போன பிறகு மிச்ச டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார் வாசல் டீச்சர். ஆறிப்போயிருந்தாலும் ருசியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாய்க்கு எடுத்ததை அப்படியே கீழே வைத்தார். வேன்! அந்த வேனில் திங்கட்கிழமை ஏறப்போவது பாப்பா மட்டுமா? ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள், அத்தனை பேருக்கும் அந்த மீசைதான் அடையாளம். ஒரு பிள்ளைக்கு வழி பார்க்கப் போய், ஒரு வண்டிப் பிள்ளைகளுக்குக் குழி வெட்டியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் போனும் கையுமாகத்தான் இருந்தார். அம்மா எடுத்த படங்களை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினார். முதல் படத்தில் முழு மீசை, அடுத்ததில் பாதி, மூன்றாவதில் காலி. "இன்னைக்கே காட்டிடுங்க, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு தடவை காட்டுங்க" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னார். ஒரு வீட்டில் அப்பா போனைப் பிடுங்கி, "டீச்சர், பையனுக்கு ஓகே. எனக்குத்தான் தாங்கலை" என்றார். இன்னொரு வீட்டுப் பையனுக்கு அந்த நடுப் படம் மிகவும் பிடித்துப்போய், திங்கட்கிழமை பாதி மீசைதான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றானாம்.

திங்கட்கிழமை காலையில் வேன் திருப்பத்தில் வந்தபோது முதலில் வேன்தான் தெரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கும்போது டிரைவரின் மேலுதட்டை ஒரு தடவை தடவிவிட்டு இறங்கினார்கள். அவரும் டிக்கெட் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்ல என்ன சொன்னாங்க அண்ணே?" என்றார் வாசல் டீச்சர்.

"கதவைத் திறந்து 'யார் வேணும்'னு கேட்டா. எங்க ஊர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் யாரோன்னு நினைச்சு உட்காரச் சொல்லித் தண்ணி கொடுத்தா. இத்தனை வருஷத்துல அவ்வளவு மரியாதையா என்கிட்ட பேசினதே இல்லை. அதனால நானும் கொஞ்ச நேரம் சொல்லலை."

பாப்பா முன் இருக்கையிலிருந்து இறங்கினாள். அம்மா வீட்டு வாசலிலேயே டாட்டா காட்டிவிட்டு நேரே கடைக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. பாப்பா கேட்டைப் பார்த்தாள். வாசல் டீச்சரின் அறையை எட்டிப் பார்த்தாள். அங்கே அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. வாசல் டீச்சர் சொல்லத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். பாப்பா அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அறைக்குள் வந்து, அதை இழுத்து மேஜைக்கு நேராக, கோணலில்லாமல் சரிசெய்து வைத்தாள். பிறகு படியேறிப் போனாள்.

அதன்பின் வாசல் டீச்சருக்கு நிற்க நேரமில்லை. ஒரு குடும்பம் மதிய மருந்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பையனின் தந்தை, கேட் சாத்தின பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "முதல் நாள் அப்பாக்கள்தான் அதிகம் அழுவாங்க, வெட்கப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். நடுநடுவே மாடிக்குப் போய்க் கதவோரம் நின்று பாப்பாவைப் பார்த்துக்கொண்டார். ஒரு தடவை வண்ண மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை புது சாரின் சட்டைக் காலர் மடங்கியிருப்பதைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சார் பவ்யமாகக் குனிந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் முழுவதும் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சமில்லை.

அம்மாவிடமிருந்து போன் வரும், வந்ததும் இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று வாசல் டீச்சர் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். காலையில் வரவில்லை. இடைவேளையில் வரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தும் வரவில்லை. 'கடைக்குப் போனாளா, இல்லை பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து அழுகிறாளா' என்று அவருக்கே கவலை வந்துவிட்டது.

பள்ளி விடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் போன் அடித்தது. எடுத்ததும், "டீச்சர்!" என்று ஒரு கூவல். பின்னால் ஏதோ இயந்திரம் 'ர்ர்ர்' என்று ஓடுகிற சத்தம்.

"சொல்லும்மா! இங்கே..."

"டீச்சர், மெஷின் எல்லாம் மாறிப்போச்சு டீச்சர்! அப்போ கையால ராவுவோம், இப்போ பட்டன்தான். நான் பயந்தே போயிட்டேன். ஆனா மெஷின் முடிச்சதுக்கப்புறம் கடைசியா ஓரம் பார்க்கிறது கைதான். காலையிலேர்ந்து உட்கார்ந்து அத்தனையும் நானே பொருத்தினேன். ஒண்ணுகூடத் திரும்பி வரலை! கடைக்கார அம்மா பக்கத்துக் கடையிலேர்ந்து ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து என் கையைக் காட்டறாங்க. ஒரு பெரியவர், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, சுவர்ல இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிறாரு. போகவே மாட்டேங்கிறாரு! இடுப்பு ஒடியுது டீச்சர், கண்ணு எரியுது, ஆனா நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அவ்வளவுதான், சும்மா உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. கூப்பிடறாங்க, வெச்சிடறேன்..."

வாசல் டீச்சர் போனைக் காதோடு வைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். அடுக்கி வைத்திருந்த எதையும் சொல்ல இடமே கிடைக்கவில்லை. மறுபக்கம் இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது.

"ஐயையோ டீச்சர்... பாப்பா எப்படி இருக்கான்னு கேட்கவே மறந்துட்டேனே!"